ரத்தம் நின்றால் நோய் நின்றதா?

மலத்தில் ரத்தம் தெரிந்தால் அதற்குப் பெயர் வைக்க நம் ஊரில் யாரும் டாக்டருக்காகக் காத்திருப்பதில்லை. மூலம் என்பார்கள், உடம்புச் சூடு என்பார்கள், கல்யாண வீட்டில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் வந்த சீதபேதி என்பார்கள். எல்லாவற்றுக்கும் கைவசம் வைத்தியம் உண்டு. துத்திக்கீரை, ஊறவைத்த வெந்தயம், மோர், அதிலும் கேட்காவிட்டால் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே வாங்கிவரும் மெட்ரோனிடசோல் மாத்திரை. பெரும்பாலும் ஏதோ ஒன்றில் ரத்தம் நின்றும் விடுகிறது. மூலமும் சீதபேதியும் ஊருலகத்தில் சாதாரணமாக வருபவை என்பதால் இந்த ஊகத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இந்தக் கூட்டத்துக்குள் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்கிற பெருங்குடல் அழற்சி நோயும் கலந்து வருகிறது. அதிலும் ரத்தம் வரும். அதிலும் பல சமயம் சில வாரங்களில் தானாகவே அடங்கும். வரும்போது வேறு நோய் போலத் தெரியும், அடங்கும்போது நோயே இல்லாதது போலத் தெரியும். அறிகுறியை மட்டும் வைத்து இந்த நோயைக் கணக்குப் போட்டால் இரண்டு பக்கமும் தப்பாகிறது. குடலின் உட்சுவரைக் கண்ணால் பார்த்துத்தான் நோயை உறுதிசெய்ய வேண்டும்; குணமானதையும் அப்படியே உறுதிசெய்ய வேண்டும்.

பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய். அதன் கடைசிப் பகுதியான மலக்குடலில்தான் கோலைட்டிஸ் பொதுவாகத் தொடங்குகிறது. அங்கிருந்து இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் படர்கிறது. சிலருக்கு மலக்குடலோடு நின்றுவிடும், சிலருக்கு இடப்பக்கம் முழுவதும் பரவும், சிலருக்குப் பெருங்குடல் மொத்தமும் பாதிக்கப்படும். குடல்சுவரின் அடுக்குகளில் உள்பக்கம் இருக்கும் சளிப்படலத்தைத்தான் இது தாக்கும். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் விட்டுவிட்டு வரக்கூடிய, சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கக்கூடிய கிரோன்ஸ் நோயிலிருந்து இதைப் பிரிப்பது இந்த இரண்டு அடையாளங்கள்தான். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் அடங்க வேண்டிய இடத்தில் அடங்காமல் சளிப்படலத்தையே தாக்கிக்கொண்டிருப்பதுதான் உள்ளே நடப்பது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் ஆரம்பிக்கும். ரத்தமும் சளியும் கலந்த பேதி, அடக்க முடியாத அவசரம், போய்வந்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பது போன்ற முக்கல், ராத்திரித் தூக்கத்தில் எழுப்பிவிடும் வயிறு, நாளடைவில் ரத்தசோகை, சிலருக்கு மூட்டுவலியும் கண் சிவப்பும். மலக்குடலோடு நிற்கும் வகையில் பேதிக்குப் பதில் மலச்சிக்கலே வரலாம். இறுகிய மலம், கூடவே சிவப்பு ரத்தம் என்றால் யாருக்குத்தான் மூலம் என்று தோன்றாது?

இது வெள்ளைக்காரர்களின் வியாதி, காரமும் மோருமாகச் சாப்பிடும் நமக்கு வராது என்றொரு எண்ணம் முன்பு மருத்துவர்களிடமும் இருந்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையின் சாமுவேல் வில்க்ஸ் 1859-ல் இந்தப் பெயரைப் பயன்படுத்தியதிலிருந்து தொடங்கி, நோயின் வரலாறு முழுவதும் ஐரோப்பிய வரலாறாகவே எழுதப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். அந்த எண்ணத்தை உடைத்தது பஞ்சாபில் நடந்த ஓர் ஆய்வு. லூதியானாவைச் சேர்ந்த மருத்துவர் அஜித் சூட் குழுவினர் வீடு வீடாகப் போய் 51,910 பேரை விசாரித்து, சந்தேகப்பட்டவர்களைக் குடல் பரிசோதனைக்கு அழைத்து, ஒரு லட்சம் பேரில் 44 பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2003-ல் வெளியிட்டார்கள். அதாவது சுமார் 2,250 பேருக்கு ஒருவர். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலோ, குடியேறிய தெற்காசியர்களிடம் இந்த நோய் உள்ளூர் ஐரோப்பியர்களைவிட அதிகமாகவே காணப்பட்டது. ஆக, பரம்பரையில் நமக்குத் தனிப் பாதுகாப்பு எதுவும் இல்லை. காரணம் இன்னதென்று ஒற்றை விரலால் காட்டவும் முடியாது. மரபணு, குடல் பாக்டீரியாக்கள், மாறிவரும் வாழ்க்கைமுறை எல்லாமே சேர்ந்த விவகாரம் அது. புகைப்பவர்களைவிடப் புகையை விட்டவர்களுக்கு இது அதிகம் வருகிறது என்பது விசித்திரமான உண்மை. (அதற்காக யாரும் மறுபடி பீடியைத் தொட வேண்டாம், அது கொண்டுவரும் மற்ற நோய்களின் கணக்கு இதைவிடப் பெரிது.)

கண்டுபிடிப்பதில்தான் நம் நாட்டில் சங்கடம் அதிகம். ஐரோப்பாவில் ரத்தபேதி வாரக்கணக்கில் நீடித்தால் முதல் சந்தேகம் கோலைட்டிஸ் மேல் விழும். இங்கே அமீபா இருக்கிறது, ஷிகெல்லா இருக்கிறது, குடல் காசநோயும் இருக்கிறது. அதனால் முதலில் தொற்று என்று நினைத்து வைத்தியம் பார்ப்பது நியாயம்தான். அங்கேயே மாதக்கணக்கில் நின்றுவிடுவதுதான் தப்பு. சாதாரணத் தொற்றுப் பேதி இரண்டு வாரத்துக்குள் ஓய்ந்துவிட வேண்டும். மலப் பரிசோதனைச் சீட்டில் அமீபாவின் முட்டைக்கூடு தெரிந்ததாக எழுதியிருப்பதை வைத்துக்கொண்டு மூன்று நான்கு தடவை மெட்ரோனிடசோல் சாப்பிட்டவர்கள் உண்டு. நோய் உண்டாக்கும் அமீபாவின் கூடும், ஒன்றும் செய்யாத அதன் பங்காளி அமீபாவின் கூடும் மைக்ரோஸ்கோப்பில் ஒரே மாதிரிதான் தெரியும் என்பது அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. மறுபக்கத் தப்பு இதைவிட ஆபத்தானது. உண்மையிலேயே அமீபாவால் புண்ணான குடலைக் கோலைட்டிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் குடல் ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். எப்படிப் பார்த்தாலும் ஊகத்தில் மருந்து கொடுப்பதற்கு இங்கே இடமில்லை.

ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும்போது என்ன தெரிகிறது? ஆரோக்கியமான பெருங்குடலின் உட்சுவர் வெளிர்சிவப்பில் பளபளவென்று இருக்கும். அதனடியில் மெல்லிய ரத்தக்குழாய்கள் கிளைகிளையாய் ஓடுவது தெளிவாகத் தெரியும். கோலைட்டிஸில் முதலில் மறைவது அந்த ரத்தக்குழாய்க் கோடுகள்தான். சுவர் வீங்கிச் சிவந்து சொரசொரப்பாகும், குழாயின் நுனி பட்டாலே ரத்தம் கசியும், முற்றினால் புண்கள் தெரியும். நோய் முடிகிற இடம் வரை இந்தக் கோலம் இடைவெளியில்லாமல் தொடரும். அங்கிருந்து கிள்ளியெடுத்த அரிசியளவுத் துணுக்குகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நேராக வரிசை பிடித்து நிற்க வேண்டிய சுரப்பிகள் கோணிக் கிளைவிட்டிருக்கும். பல மாதமாக உள்ளே நடந்துகொண்டிருக்கும் அழற்சியின் தடயம் அது. நேற்று வந்த தொற்று அந்தக் கோணலை உண்டாக்க முடியாது. ஆகவேதான் கண்ணால் பார்த்ததோடு நிறுத்தாமல் சதைத் துணுக்கையும் எடுக்கிறார்கள்.

இப்படிப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் கொலனோஸ்கோபி என்றதும் பயம், வெட்கம், செலவு மூன்றும் சேர்ந்து வருகின்றன. ரத்தம் பார்த்த ஒவ்வொருவரையும் இப்படி அனுப்ப முடியுமா என்று கேட்பதும் நியாயமே. முடியாது, தேவையும் இல்லை. நோய் மலக்குடலில் தொடங்குவதால் முதல் சந்தேகத்தைத் தீர்க்கக் கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோபி போதும். சில நிமிட வேலை, மயக்கம் அவசியமில்லை, பேதிமருந்தை லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டியதும் இல்லை. நோய் கடுமையாக இருக்கும்போது முழுக் கொலனோஸ்கோபியை மருத்துவர்களே தவிர்ப்பார்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்பதற்கும் மலத்திலேயே ஒரு சோதனை இருக்கிறது. அழற்சியுள்ள குடலுக்குள் வந்து குவியும் வெள்ளையணுக்கள் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை விட்டுச்செல்கின்றன. வெறும் குடல் எரிச்சல் நோயில் அது ஏறாது, கோலைட்டிஸில் ஏறும். தொற்றிலும் ஏறும் என்பதால் நோயின் பெயரை இது சொல்லாது, உள்ளே பார்ப்பது அவசியமா என்பதைச் சொல்லும். மூல ரத்தம் பெரும்பாலும் மலத்தோடு கலக்காமல் கடைசியில் சொட்டும். கலந்து வந்தால், சளி சேர்ந்தால், ராத்திரியில் எழுப்பினால், எடை குறைந்தால் மூலம் என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம்.

இனி வைத்தியம். இந்த நோயைப் பற்றிய நம் குழப்பங்களுக்கு மிக நல்ல பதில் 1955-ல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் ட்ரூலவும் விட்ஸும் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. 210 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கார்டிசோன், மறு பிரிவுக்கு அதே தோற்றமுள்ள வெறும் மாத்திரை கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் கார்டிசோன் பிரிவில் 41 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. ஸ்டீராய்டு என்ற பெரும் ஆயுதம் வைத்தியத்துக்குள் வந்தது இப்படித்தான். எனக்கு முக்கியமாகப் படுவது மறு பிரிவு. அதிலும் 16 சதவீதம் பேருக்கு நோய் தானாக அடங்கியிருக்கிறது. கார்டிசோன் ஒரு துளி இல்லாமல். ஏறி இறங்குவது இந்த நோயின் குணம். இறங்கும் நேரத்தில் கையில் எந்த மருந்து இருக்கிறதோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும்: துத்திக்கீரைக்கும் கிடைக்கும், மெட்ரோனிடசோலுக்கும் கிடைக்கும், பூரண குணம் என்று விளம்பரம் கொடுப்பவருக்கும் கிடைக்கும். ஒருவருக்குச் சரியானது என்ற சாட்சி பொய்யாகவே இருக்க வேண்டியதில்லை. ஆனால் எது சரியாக்கியது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

அதே இருவர் 1959-ல் இன்னொன்றையும் காட்டினார்கள். அடங்கிய நோயைத் திரும்பி வராமல் தடுக்கக் கார்டிசோன் பயன்படாது. ஸ்டீராய்டு தீயணைக்கத்தான், காவலுக்கு இல்லை. சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டிய ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை, பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவோர் எலும்புத் தேய்வையும் சர்க்கரையையும் கண்புரையையும் விலைகொடுத்து வாங்குகிறார்கள். காவலுக்கான மருந்து ஸ்வீடனிலிருந்து வந்தது. மூட்டுவாதத்துக்காக நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் உருவாக்கிய சல்ஃபாசலசின், 1940-களில் கோலைட்டிஸிலும் பலன் தருவது தெரிந்தது. அது இரண்டு பொருள்களைப் பிணைத்த மாத்திரை. பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் அந்தப் பிணைப்பை அறுக்கும். எந்தப் பாதி வேலை செய்கிறது என்பதை 1977-ல் வங்காளதேச மருத்துவர் ஆசாத் கானும் ட்ரூலவ் குழுவினரும் இரண்டையும் தனித்தனியே எனிமாவாகக் கொடுத்துக் கண்டுபிடித்தார்கள். இன்று மெசலமைன் என்று எழுதிக்கொடுப்பது அந்தப் பாதிதான். மலக்குடலோடு நிற்கும் நோய்க்கு ஆசனவாயில் வைக்கும் மெசலமைன், வாயில் விழுங்குவதைவிட நன்றாக வேலை செய்யும். இடப்பக்க நோய்க்கு இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது. நம்மவர்கள் கூச்சத்தில் முதலில் கைவிடுவதும் இதையேதான்.

அடுத்து, ரத்தம் நின்ற பிறகு மருந்தை நிறுத்தும் பழக்கம். வயிறு சரியாகிவிட்டது, எதற்கு இன்னும் மாத்திரை என்பது காய்ச்சலுக்குப் பொருந்தும் கேள்வி. இங்கே அறிகுறி அடங்குவதும் சுவர் ஆறுவதும் ஒரே நாளில் நடப்பவை அல்ல. ரத்தம் நின்று, மலம் கட்டி, ஆள் வேலைக்குப் போய்வருகிற நிலையிலும் உள்ளே அழற்சி நீறுபூத்த நெருப்பாக இருக்கலாம். அமெரிக்காவில் சுனந்தா கேன் குழுவினர் நோய் அடங்கியிருந்த 99 பேரை இரண்டாண்டுவரை பின்தொடர்ந்தார்கள். மெசலமைனை ஒழுங்காக எடுத்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு நோய் திரும்பவில்லை. ஒழுங்காக எடுக்காதவர்களில் அப்படி இருந்தது 39 சதவீதம் பேர் மட்டுமே. நார்வேயில் 2007-ல் வெளியான ஆய்வு, முதலாண்டு முடிவில் உட்சுவர் ஆறியிருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் குடலை அகற்ற வேண்டிய தேவை குறைந்திருந்ததைக் காட்டியது. 2021-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் இதனால்தான் நோயாளி நலமாக உணர்வதை முதல் படியாகவும், உட்சுவர் ஆறுவதைச் சேர வேண்டிய இடமாகவும் வைத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் குழாய் விட வேண்டியதில்லை. நலமாக இருப்பவரின் மலத்தில் கால்புரோடெக்டின் ஒரு கிராமுக்கு 150 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் நம்பலாம்.

ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே பதின்பருவத்திலிருந்தே இந்த நோயோடு வாழ்ந்தவர். 2007-ல் ஓராண்டிலேயே பதவி விலகினார். காரணம் இந்த நோய் என்பது பின்னர் வெளியே வந்தது. 2009-ல் அந்நாட்டில் அனுமதி பெற்ற ஒரு மெசலமைன் மாத்திரை தமக்குக் கைகொடுத்ததாக அவரே சொன்னார். 2012-ல் திரும்பி வந்து ஏறக்குறைய எட்டாண்டு ஆண்டார், ஜப்பானில் மிக நீண்டகாலம் பதவியில் இருந்த பிரதமரானார். 2020 ஜூனில் வழக்கமான பரிசோதனையில் நோய் திரும்பும் அறிகுறி தெரிந்தது, ஆகஸ்டில் பதவி விலகுவதாக அறிவித்தார். மருந்து செய்யக்கூடியதும் செய்ய முடியாததும் ஒரே வாழ்க்கையில் தெரிகின்றன. நோயை வேரோடு பிடுங்கவில்லை, ஆனால் ஒரு நாட்டை நடத்தும் அளவுக்கு எட்டாண்டு வாங்கிக்கொடுத்தது.

வாழ்நாள் முழுக்க மாத்திரையா, சிறுநீரகம் என்னாவது, கல்யாணம் குழந்தை என்னாவது என்ற கவலை எந்தக் குடும்பத்திலும் வரும். மெசலமைன் சாதுவான மருந்து. அவ்வப்போது சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் சோதனை செய்துகொண்டால் போதும். சல்ஃபாசலசின் ஆண்களின் விந்தணுவைக் குறைக்கும், நிறுத்தினால் சரியாகும். கர்ப்பமானதும் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பெரியவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் குழந்தைக்கு அதிக ஆபத்து கிளம்பிய நோயால்தான், மெசலமைனால் அல்ல. மெசலமைன் போதாதபோது கொடுக்கும் அடுத்த கட்ட மருந்துகளுக்கு எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். அசதியோபிரின் சில இந்தியர்களுக்கு மரபணுக் காரணத்தால் வெள்ளையணுக்களைச் சட்டென்று வீழ்த்தும். ஆரம்பத்தில் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்வது கட்டாயம். இன்ஃப்ளிக்ஸிமாப், டோஃபாசிட்டினிப் போன்றவை உறங்கும் காசநோயை எழுப்பக்கூடியவை. நம் நாட்டில் காசநோய்ச் சோதனை செய்யாமல் இவற்றைத் தொடக்கூடாது. டோஃபாசிட்டினிப் கர்ப்ப காலத்தில் கூடாது. இவ்வளவு பார்க்க வேண்டியிருப்பது மருந்தைத் தவிர்க்க அல்ல, கண்காணிப்போடு எடுக்க.

நம் மண்ணின் மருந்தை விட்டுவிட்டு இதெல்லாம் எதற்கு என்போருக்கு மஞ்சளையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானில் 2006-ல் வெளியான ஆய்வில், மஞ்சளின் சாரமான குர்குமினை சல்ஃபாசலசின் அல்லது மெசலமைனோடு சேர்த்து எடுத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் நோய் திரும்பியது 5 சதவீதத்துக்கும் குறைவு. மருந்தோடு வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு 20 சதவீதம். நல்ல செய்தி. ஆனால் இரண்டு பிரிவும் மருந்தை நிறுத்தவில்லை, குர்குமின் அளவும் நாளுக்கு 2 கிராம். ரசத்தில் போடும் மஞ்சள்பொடியில் அது வராது. அவுரி போன்ற செடிகளிலிருந்து எடுக்கும் நீலத்தூளும் ஜப்பானிய ஆய்வில் கோலைட்டிஸை நன்றாகவே அடக்கியது. அதைத் தாமே வாங்கிச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியது தெரிந்து, அந்நாட்டு அரசு எச்சரிக்கை விட்டது. வேலை செய்யும் பொருள் பச்சிலையானாலும் பக்கவிளைவும் செய்யும். உணவிலும் இதே நிதானம் வேண்டும். நோயைக் குணமாக்கும் பத்தியம் என்று எதுவும் நிரூபணமாகவில்லை. நோய் கிளம்பிய நாள்களில் நார் குறைத்துக் குழைந்த சோறும் இட்லியும் சாப்பிடலாம், ஒத்துக்கொண்டால் பாலை ஒதுக்க வேண்டாம். பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியில் மாதக்கணக்கில் கிடப்பது ரத்தசோகைக்காரரை மேலும் வாட்டும். டிக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகளைக் கேட்காமல் போடாதீர்கள். அவை நோயைக் கிளப்பிவிடலாம்.

வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாத நிலை ஒன்று உண்டு. நாளுக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தம் போய், கூடவே காய்ச்சலோ, நாடித்துடிப்பு 90-க்கு மேலோ, ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழோ இருந்தால் அது கடும் கோலைட்டிஸ். இந்த அளவுகோலும் ட்ரூலவ், விட்ஸ் கொடுத்ததுதான். அன்றே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நரம்பு வழியாக ஸ்டீராய்டு கொடுத்து மூன்றாம் நாள் கணக்குப் பார்ப்பார்கள். அடங்கவில்லை என்றால் இன்ஃப்ளிக்ஸிமாப் அல்லது சைக்ளோஸ்போரின், அதற்கும் அடங்காவிட்டால் அறுவைச் சிகிச்சை. பெருங்குடலையும் மலக்குடலையும் அகற்றி, சிறுகுடலின் முனையிலேயே பை தைத்து ஆசனவாயோடு இணைக்கும் முறையை லண்டனில் பார்க்ஸும் நிக்கல்ஸும் 1978-ல் வெளியிட்டார்கள். நிரந்தரமாக வயிற்றில் பை மாட்ட வேண்டிய கட்டாயம் பலருக்கு அதனால் நீங்கியது. அறுவை என்றதும் எல்லாம் கைவிட்டுப் போனதாகக் குடும்பம் இடிந்துபோகிறது. தள்ளிப்போட்ட அறுவையில்தான் உயிர் போகிறது. உரிய நாளில் செய்த அறுவையில் பெரும்பாலோர் வீடு திரும்புகிறார்கள்.

கடைசியாகப் புற்றுநோய். மலக்குடலைத் தாண்டிப் பரவிய கோலைட்டிஸ் இருப்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு ஆண்டுகள் கூடக்கூட ஏறுகிறது. அதனால் நோய் தொடங்கி எட்டாண்டு ஆனதும் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழுக் கொலனோஸ்கோபி செய்து, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். கல்லீரல் பித்தநாளத்திலும் அழற்சி உள்ளவர்களுக்கு எட்டாண்டுக் காத்திருப்பு கிடையாது, கண்டுபிடித்த ஆண்டிலிருந்தே வருடாவருடம். இந்தச் சோதனையை நோய் அடங்கிய காலத்தில் செய்வதே நல்லது; சிவந்து வீங்கிய சுவரில் புற்றுக்கு முந்தைய மாற்றத்தை இனம் காண்பது கடினம். சென்னையில் ராஜீவ் காந்தி, ஸ்டான்லி அரசு மருத்துவமனைகளிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் குடலியலுக்குத் தனித்துறை இருக்கிறது. உங்கள் வீட்டில் கோலைட்டிஸ் உள்ளவர் இருந்தால் பழைய ஃபைலை எடுத்து முதல் ரிப்போர்ட்டின் தேதியைப் பாருங்கள். எட்டாண்டு தாண்டியிருந்தால் இந்த மாதமே நாள் குறித்துக்கொள்ளுங்கள்.